மூன்று முறை பிளேட் மாற்றியாச்சு, இன்னும் கிளட்ச் வழுக்குகிறது

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வண்டியின் மாடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 400 சிசி பைக். ஐந்து வருடத்தில் 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த கிளட்ச் பிளேட் 22,000 கி.மீ. தாங்கியது. அடுத்துப் போட்ட செட் 9,000. அதற்கடுத்தது 5,000. இப்போது உள்ளே இருப்பது மூன்றாவது மாற்று செட். போட்டு 2,000 கி.மீ.தான் ஆகிறது, அதற்குள் மேட்டில் முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. போன மாதம் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து மலைப்பாதை ஏறும்போது கருகிய வாடை வந்து வண்டி நின்றுவிட்டது. இருவரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள்.

அவருடைய மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: 15 சதவீதம் கடினமான ஸ்பிரிங், கெவ்லார் இழைப் பிளேட், பில்லெட் பாஸ்கெட் (ஒரே உலோகக் கட்டியில் கடைந்த கிளட்ச் கூடை). மூன்றும் வெளி கம்பெனி பார்ட்ஸ். மூன்றையும் போட்டுவிட்டால் இனி கிளட்ச் கவரைத் திறக்கவே வேண்டாம் என்பது வாக்குறுதி. போடலாமா, கம்பெனி பிளேட் அவ்வளவு மட்டமா, போட்டால் நீட்டித்து வாங்கிய வாரன்டி என்னாகும் என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் சில தகவல்களும் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் இன்ஜின் சத்தம் குறையட்டும் என்று 22,000 கி.மீ. வாக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) 14 பல்லிலிருந்து 16 பல்லுக்கு மாற்றியிருக்கிறார். ஏறக்குறைய அதே சமயத்தில் கார் வைத்திருக்கும் நண்பர் சொன்னதைக் கேட்டு ஃபுல் சிந்தெடிக் ஆயிலுக்கு மாறியிருக்கிறார். லீவரில் ஆட்டம் இருந்தால் பிடிக்காதாம், கேபிளை இறுக்கியே வைத்திருப்பாராம். நெரிசலில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேலேயே இருக்குமாம். பிளேட் மாற்றிய மூன்று முறையும் தோய்வுப் பிளேட்டை, அதாவது உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டை, மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் எல்லாம் பழையவையே.

அன்புள்ள நண்பருக்கு,

கருகிய வாடையை விடவும் என் கண்ணில் முதலில் பட்டது 22,000, 9,000, 5,000, 2,000 என்ற அந்த வரிசைதான். பிளேட் தரமில்லாதது என்றால் ஒவ்வொரு செட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் சீக்கிரம் போகும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் முந்தையதை விடச் சீக்கிரம் போகிறது. அப்படியானால் பிளேட்டைத் தின்கிற ஏதோ ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அது நாளுக்கு நாள் பெருத்தும் வருகிறது. அதை விட்டுவிட்டு நான்காவதாக எவ்வளவு உசத்தியான பிளேட் போட்டாலும் அதுவும் அதற்குத் தீனிதான்.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். இன்ஜினோடு சுற்றுவது பாஸ்கெட். கியர்பாக்ஸ் தண்டோடு சுற்றுவது உள்ளே இருக்கும் ஹப். தோய்வுப் பிளேட்டின் காதுகள் பாஸ்கெட்டின் விரல்களுக்கு நடுவே உட்காரும், ஸ்டீல் பிளேட்டின் பற்கள் ஹப்பில் உட்காரும். ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கி, மேலே பிரஷர் பிளேட்டை வைத்து ஸ்பிரிங்கால் அமுக்கினால் எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் ஏறத்தாழ 2 மி.மீ. தூக்கும், சில வண்டிகளில் அதைவிடக் குறைவு. அந்தச் சின்ன இடைவெளிதான் அத்தனை பிளேட்டுக்கும் பங்காகிறது. 6 தோய்வுப் பிளேட் இருந்தால் 12 உரசும் முகங்கள். ஒரு முகத்துக்கு அரை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. ஆகவே லீவர் பக்கம் நாம் செய்யும் சின்னச் சேட்டைகூட உள்ளே பெரிதாகத் தெரியும்.

முதலில் கேபிள்

'ஆட்டம் இல்லாமல் இறுக்கி வைத்தால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கும்' என்று நினைத்திருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, பிரேக்கை வைத்துப் பழகியவர்கள் எல்லாருமே இப்படித்தான் நினைக்கிறார்கள். பிரேக்கில் லைனிங் தேயத் தேய லீவரின் ஆட்டம் கூடும். கிளட்ச் அதற்கு நேர் எதிர். பிளேட் தேய்ந்தால் அடுக்கின் உயரம் குறையும், பிரஷர் பிளேட் உள்ளே போய் உட்காரும், லீவரின் ஆட்டம் குறையும். நீங்களோ ஆட்டத்தைச் சுழியத்தில் வைத்துத் தொடங்குகிறீர்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பிளேட் இம்மி தேய்ந்தாலும் போதும், கேபிளே பிரஷர் பிளேட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கை லீவரில் இல்லாதபோதும் யாரோ பாதி கிளட்ச் பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி. வழுக்கினால் சூடு. சூட்டில் பிளேட் இன்னும் தேயும். தேய்ந்தால் கேபிள் இன்னும் தூக்கும். பிறகு அதற்கு முடிவே இல்லை.

இதோடு அந்த இரண்டு விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் கையேட்டில் லீவர் நுனியில் எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்று போட்டிருக்கும். பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். சில கம்பெனிகள் லீவரின் அடிப்பகுதியில் 2, 3 மி.மீ. என்று சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் அளப்பது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். அப்புறம் ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் ஆட்டம் காணாமல் போனால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, போகிற வழி சரியில்லை. லீவர் பக்கம் இருக்கும் திருகில் மரை முழுக்க வெளியே வந்திருந்தால் அதை உள்ளே விட்டுவிட்டு இன்ஜின் பக்கத்துத் திருகில் சரிசெய்யுங்கள். நிறைய பேர் மேல் திருகையே திருப்பித் திருப்பி, மிச்சம் இல்லாமல் போன பிறகு 'கேபிள் நீண்டுபோச்சு' என்பார்கள்.

அழகுக்காகக் குட்டை லீவர் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் சொல்லுங்கள். லீவரின் சுழல் மையத்துக்கும் கேபிள் மாட்டும் துளைக்கும் உள்ள தூரம் மாறினால் பிரஷர் பிளேட் தூக்கும் அளவும் மாறிவிடும்.

ஆயில்: சிந்தெடிக் மேல் பழி போட வேண்டாம்

உங்கள் மெக்கானிக் 'சிந்தெடிக் ஊற்றினாலே கிளட்ச் வழுக்கும்' என்றாராம். நண்பர் 'சிந்தெடிக்கை மிஞ்சி எதுவும் இல்லை' என்றாராம். இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிந்தெடிக்கா மினரலா என்பதில் கிளட்சுக்கு அக்கறை இல்லை. உராய்வைக் குறைக்க அந்த ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

காரில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே எரிபொருள் மிச்சமாகட்டும் என்று கார் ஆயில்களில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளில், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். காருக்கு அது நல்லது. உங்கள் வண்டியில் அதே ஆயிலில்தான் கிளட்ச் குளித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கலைத் தடவினால் என்னாகும்? இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானில் 1998-இல் ஜாசோ டி903 என்ற தரம் வந்தது. ஈரக் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு எம்ஏ, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு எம்பி. 2006-இல் எம்ஏ வகையை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2 உராய்வு கூடுதலானது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில்லாமல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றோ 'எனர்ஜி கன்சர்விங்' என்றோ போட்டிருந்தால் அந்த டப்பாவை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜாசோ எம்ஏ2 போட்ட ஃபுல் சிந்தெடிக் தாராளமாக ஊற்றலாம். எந்த அடர்த்தி என்பதைக் கையேடு சொல்லும். ஆயிலில் கலக்கிற 'இன்ஜின் டானிக்' வகையறா எதுவும் வேண்டாம், அவற்றில் பாதிக்கு மேல் வழுக்கல்தான் விற்பனைப் பொருளே.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். தவறான ஆயிலில் ஊறிய பிளேட், ஆயிலை மாற்றிய மறுநாளே திருந்திவிடாது. ஒன்றிரண்டு முறை சரியான ஆயிலை மாற்றி ஓட்டிய பிறகு சில சமயம் பிடிப்பு திரும்பும். ஆனால் உங்கள் பிளேட் கருகும் அளவுக்குப் போய்விட்டது. அதன் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். அதை ஆயிலால் மீட்க முடியாது.

அந்த இரண்டு பல்

முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 போய் 16 வந்தது சின்ன விஷயமாகத் தெரியலாம். கியர் விகிதம் 14 சதவீதம் நீண்டுவிட்டது. வண்டியை நிலையிலிருந்து எடுக்கும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கிற வரை உள்ளே பிளேட்டுகள் உரசிக்கொண்டுதான் இருக்கும். ஒரே ஆர்பிஎம்மில் எடுத்தாலும், இப்போது கிளட்ச் பூட்டிக்கொள்ளும்போது வண்டி 14 சதவீதம் அதிக வேகத்தில் இருக்க வேண்டும். உரசலில் பிறக்கும் வெப்பம் அந்த வேகத்தின் இருமடிப்படி கூடும். 1.14-ஐ 1.14-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.3. சமதளத்தில் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் சூடு. பின்னால் ஒருவர், பெட்டிகள், எதிரே மேடு என்றால் கணக்கு இன்னும் மோசம். நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நின்று எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நெடுஞ்சாலை நிம்மதிக்காக 15 பல் வைத்துக்கொள்வேன் என்றால் அது உங்கள் விருப்பம், நான் சண்டைக்கு வரமாட்டேன். 16 மட்டும் வேண்டாம்.

கவரைத் திறந்ததும் எதை அளப்பது

ஆயில், கேபிள், ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சரிசெய்தாலும் உங்கள் விஷயத்தில் கவரைத் திறந்தே ஆக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் வலது பக்கம் இருப்பதால் சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்த்து நிறுத்தினாலே ஆயிலை முழுக்க வடிக்காமல் திறக்க முடியும். நீங்கள் எப்படியும் ஆயிலை மாற்றப்போகிறீர்கள், வடித்துவிடுங்கள். வடித்த ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தாலோ, வடிகட்டியில் பழுப்பு நிறத் துகள் தெரிந்தாலோ அது பிளேட்டின் மிச்சம்.

மூன்று முறையும் உள்ளே விட்டுவைத்த ஸ்டீல் பிளேட்டுகள் மேல்தான் எனக்குப் பெரிய சந்தேகம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீலமோ ஊதாவோ பாய்ந்திருந்தால் அது சூடேறி வெந்த இடம். தட்டையான தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, சுற்றிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்துப் பாருங்கள். பல கையேடுகளில் வளைவுக்கு எல்லை 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். அதைத் தாண்டிய பிளேட் முழு முகமும் படாமல் மேடான இடத்தில் மட்டும் உரசும். புதுத் தோய்வுப் பிளேட் அந்த மேட்டில் மாட்டிக்கொண்டு தேயும். உங்கள் 9,000 எப்படி 5,000 ஆனது, 5,000 எப்படி 2,000 ஆனது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். தோய்வுப் பிளேட்டை மாற்றி ஸ்டீல் பிளேட்டை விட்டுவைப்பது தப்பே இல்லை, அளந்து பார்த்து விட்டால். அளக்காமல் விட்டதுதான் இங்கே நடந்திருக்கிறது.

தோய்வுப் பிளேட்டின் கனத்தை வெர்னியரால் நான்கு இடத்தில் எடுங்கள். புதிதில் 3 மி.மீ. இருக்கும் பிளேட், மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு தேய்ந்தாலே எல்லை வந்துவிடும். சரியான எண்ணைக் கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து 'இன்னும் இருக்கு' என்று சொல்ல முடியாத அளவு அது. கனம் சரியாக இருந்தும் முகம் பளபளத்திருந்தால் அந்தப் பிளேட் முடிந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றி நிற்கவைத்து உயரம் எடுங்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய ஸ்பிரிங் குட்டையாகிவிடும், குட்டையானால் அமுக்கும் பலம் போகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: உங்கள் மெக்கானிக்கின் ஸ்பிரிங் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து அதே அளவுள்ள புது ஸ்பிரிங், 15 சதவீதம் கடினமானது இல்லை.

கடைசியாகப் பாஸ்கெட்டின் விரல்கள். பிளேட்டின் காது இடித்து இடித்து அலுமினியத்தில் பள்ளம் விழும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் தட்டுப்படும். பாஸ்கெட்டின் முதுகில் இருக்கும் ரிவெட்டுகள் ஆடுகின்றனவா, அதிர்வு வாங்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்து கிலுகிலுக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கின் பட்டியல்

கிளட்ச் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பது நான்கின் பெருக்கல்: உரசும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வு அளவு, அமுக்கும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம். கடின ஸ்பிரிங் விசையைக் கூட்டுகிறது, கெவ்லார் உராய்வையும் சூடு தாங்குவதையும் மாற்றுகிறது. கணக்கு சரிதான். ஆனால் உங்கள் வண்டியில் இந்த நான்கும் போதாமல்தான் வழுக்குகிறதா? முதல் 22,000 கி.மீ. இதே இன்ஜினை, இதே கம்பெனி ஸ்பிரிங்கும் பிளேட்டும் முணுமுணுக்காமல் இழுத்திருக்கின்றன. இன்ஜினின் பலம் கூடவில்லை. அப்படியிருக்கக் கிளட்சின் பலத்தை மட்டும் ஏன் கூட்ட வேண்டும்?

ஸ்பிரிங் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. உங்கள் வண்டியில் அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் சாய்வான மேடுகள் இருக்கும். முறுக்கி இழுக்கும்போது அந்தச் சாய்வு பிரஷர் பிளேட்டை உள்ளே இழுத்து, ஸ்பிரிங்குக்குத் துணையாக அமுக்கும். அதனால்தான் கம்பெனி மெல்லிய ஸ்பிரிங் போட்டு லீவரை லேசாக்கியிருக்கிறது. வேகத்தில் கியரைக் குறைக்கும்போது அதே அமைப்பு எதிர்ப்பக்கமாக வேலை செய்து பிளேட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடும். பின் சக்கரம் துள்ளாது. இதில் கடின ஸ்பிரிங்கைத் திணித்தால் லீவர் கனப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தளர்த்தும் வேலை தாமதமாகும். ஈரச் சாலையின் வளைவில் கியரை இறக்கும்போது பின் சக்கரம் வழுக்குவது கிளட்ச் வழுக்குவது போல இல்லை. அந்த அமைப்பே கோளாறு என்று மெக்கானிக் சொன்னதையும் அப்படியே ஏற்க வேண்டாம். அந்தச் சாய்வுகளில் தேய்வோ சிராய்ப்போ தெரிந்தால் மட்டும் பேசலாம்.

தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு சாதாரணக் கிளட்ச் வண்டிக்குக் கடின ஸ்பிரிங் போட்டுப் பெருமையாக அனுப்பி வைத்தேன். வழுக்கல் நின்றது. இரண்டு மாதத்தில் கேபிள் அறுந்தது. புதுக் கேபிள் போட்டோம், அப்புறம் உள்ளே பிரஷர் பிளேட்டைத் தூக்கும் தள்ளுகம்பியின் முனை காளானாக விரிந்து வந்தது. கூட்டிய விசை எங்கேயோ போய் இறங்கத்தானே வேண்டும்! அந்த வண்டிக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு நல்ல ஆயில் மாற்றம்.

கெவ்லார் பிளேட்டுக்கு நான் எதிரி இல்லை. அந்த இழை சூட்டைத் தாங்கும், சீக்கிரம் உதிராது; மண்ணிலும் மணலிலும் கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்துப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது அர்த்தமுள்ள செலவு. ஆனால் லீவர் பிடிக்கும் இடமும் பிடிக்கும் விதமும் மாறும். சில தயாரிப்புகளின் மொத்த அடுக்கு உயரம் கம்பெனி அளவோடு பொருந்தாது. அடுக்கு கால் மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் குறையும். வாங்கினால் பழைய அடுக்கையும் புது அடுக்கையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுப் போடுங்கள். உங்கள் இப்போதைய நிலைக்குக் கம்பெனி தோய்வுப் பிளேட்டே போதும். பெட்டியைப் பார்த்து அசல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், டூப்ளிகேட்டும் அதே நிறப் பெட்டியில்தான் வருகிறது.

கூடுதல் பிளேட் செட் ஒன்றும் சந்தையில் உண்டு, உங்களுக்கு யாராவது அதையும் சொல்வார்கள். மெல்லிய ஸ்டீல் பிளேட் போட்டு இடம் உண்டாக்கி 6-ஐ 7 ஆக்குவது. முகங்கள் 12-லிருந்து 14, தாங்கும் இழுவை ஏறத்தாழ 17 சதவீதம் கூடும், லீவரும் கனக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே தூக்கலை 14 முகங்கள் பங்குபோட வேண்டும், மெல்லிய ஸ்டீல் சீக்கிரம் சூடேறும். இன்ஜினைப் பெரிதாக்கியவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பில்லெட் பாஸ்கெட் உங்கள் நோய்க்கு மருந்தே இல்லை. பள்ளம் விழுந்த பாஸ்கெட் பொதுவாக வழுக்கலைத் தராது. கிளட்சைப் பிடித்தாலும் முழுதாக விடாமல் இழுக்கும், நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும், வண்டியை எடுக்கும்போது வெட்டிவெட்டிப் பிடிக்கும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. நகத்தில் தட்டும் அளவு சின்னத் தழும்பு இருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம், ஆழமாக அராவக் கூடாது. அராவ அராவக் காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கூடும், அடி இன்னும் பலமாக விழும். ஆழப் பள்ளம் இருந்தால் பாஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும். அப்போது கடின ஆனோடைஸ் செய்த பில்லெட்டா கம்பெனி பாஸ்கெட்டா என்று யோசிக்கலாம். பல பில்லெட் பாஸ்கெட்டுகளுக்குப் பழைய பாஸ்கெட்டின் ரிவெட்டைத் துளைத்து, பெரிய கியரை எடுத்துப் புதியதில் பூட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்து பழகிய கை வேண்டும்.

வெளி பார்ட்ஸ் உண்மையிலேயே காப்பாற்றும் இடம்

'உடைவதற்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம் இல்லையா' என்று கேட்கிறீர்கள். சில இடங்களில் ஆமாம். கவாசாகி கேஎல்ஆர்650 வண்டியில், இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரின் செயினை இறுக்கும் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. பழைய மாடல்களில் அது உடைவதும் அதன் ஸ்பிரிங் கழன்றுவிடுவதும் ஓட்டுபவர்கள் மத்தியில் அவ்வளவு பிரசித்தம், அதற்கு 'டூஹிக்கி' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒரே துண்டாகக் கடைந்த வெளி லீவர் அங்கே நியாயமான முன்னெச்சரிக்கை. எது உடைகிறது, ஏன் உடைகிறது, மாற்றுப் பார்ட் அந்தக் காரணத்தை எப்படித் தீர்க்கிறது, மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. சுசுகி டிஆர்650-இல் கிளட்ச் பாஸ்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரல் சுவிட்ச் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகள் தளர்ந்து உள்ளே விழுந்தால் பெரிய சேதம். ஓட்டுபவர்கள் கண்டுபிடித்த வழி: கிளட்சைக் கழற்றும்போதே அந்தத் திருகுகளைக் கழற்றித் துடைத்து, மரைப் பசை தடவியோ கம்பி கட்டியோ இறுக்கிவிடுவது. பார்ட் எதுவும் வாங்கவில்லை, ஆனால் அதுவும் அப்கிரேடுதான்.

உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கிளட்ச் தொடர்பாகக் கம்பெனி ஏதாவது ரீகால் அல்லது சர்வீஸ் அறிவிப்பு விட்டிருக்கிறதா என்று அதிகாரபூர்வ சர்வீஸில் கேளுங்கள். இருந்தால் மேலே சொன்ன பாதிச் செலவு உங்களுடையதே இல்லை. முன்னெச்சரிக்கையாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், ஒரு புதுக் கிளட்ச் கேபிளை வாங்கிப் பழைய கேபிளின் பக்கத்திலேயே டேங்குக்கு அடியில் ஓட்டி, இரண்டு முனையையும் மூடிக் கட்டிவையுங்கள். வழியில் அறுந்தால் பத்து நிமிட வேலை.

வாரன்டியும் பட்டறைக் கணக்கும்

கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், பெரும்பாலான வாரன்டிகளில் சேராது. பாஸ்கெட், ஹப், கியர்பாக்ஸ் சேரலாம். வெளி பார்ட் போட்டதாலேயே மொத்த வாரன்டியும் போய்விடும் என்று பயமுறுத்துவதும் உண்டு, ஒன்றுமே ஆகாது என்று தைரியம் சொல்வதும் உண்டு. விதி நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சண்டை வருகிற இடம் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்: உடைந்த பார்ட்டுக்கும் நீங்கள் மாற்றிய பார்ட்டுக்கும் தொடர்பு உண்டா? கடின ஸ்பிரிங் போட்ட பிறகு தள்ளுகம்பியோ ஹப்போ போனால் உங்கள் பக்கம் வாதாட எதுவும் மிஞ்சாது. 16 பல் ஸ்ப்ராக்கெட்டும் தவறான ஆயிலும் ஏற்கெனவே உங்களுக்கு எதிரான சாட்சிகள், அதை மறைத்துக் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மாற்றங்கள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

மெக்கானிக்கோடு பகை வேண்டாம். ஆனால் மூன்று முறை பிளேட் மாற்றியும் ஒரு முறைகூட ஸ்டீல் பிளேட்டை அளக்கவில்லை என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த முறை வேலைக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள்: கழற்றிய பழைய பார்ட்ஸ் எல்லாம் எனக்கு வேண்டும், அளவுகளைப் பில்லில் எழுதுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள்.

பூட்டும்போது

புதுத் தோய்வுப் பிளேட்டை எம்ஏ2 ஆயிலில் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுக்க ஊறவைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். காய்ந்த பிளேட்டைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினால் முதலிலேயே அது கருகத் தொடங்கலாம். சில வண்டிகளில் கடைசிப் பிளேட்டின் காது பக்கத்திலிருக்கும் ஆழம் குறைந்த காடியில் உட்கார வேண்டும். சில வண்டிகளில் அதிர்வைத் தடுக்கும் வளைய ஸ்பிரிங் ஒன்று அடியில் இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டால் வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும். கழற்றும் முன் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு தவறும் வராது. ஸ்பிரிங் போல்ட்டுகளுக்கு மிகக் குறைந்த இறுக்கம்தான், பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கைப்பலத்தைக் காட்டினால் ஹப்பின் தூணே முறிந்துவிடும், அப்போது உண்மையிலேயே பெரிய செலவு.

முதல் 300 கி.மீ. பாரம் ஏற்றாமல், மேட்டில் முழுக்க முறுக்காமல் ஓட்டுங்கள். நெரிசலில் விரல்கள் பிடியில் இருக்கட்டும், நீண்ட சிக்னலில் நியூட்ரல் போட்டுவிடுங்கள். 300 ஆனதும் லீவரின் ஆட்டத்தை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், டாப் கியரில் நடுத்தர வேகத்தில் போய்க்கொண்டே முழுக்க முறுக்கிப் பாருங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் கைகோத்து ஏறினால் கிளட்ச் பிடித்துவிட்டது. முள் மட்டும் தாவினால் வண்டியை அன்றே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். எழுதும்போது ஸ்டீல் பிளேட்டின் வளைவு, தோய்வுப் பிளேட்டின் கனம், ஸ்பிரிங்கின் உயரம், இப்போது ஊற்றியிருக்கும் ஆயில் டப்பாவின் பின்பக்கப் படம், நான்கும் வேண்டும்.